உறங்கும் கள்ளிக்கு ஊற்றிய தண்ணீர்

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பயம் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பகுதி மாடி வீடொன்றில், தூங்க வேண்டிய செடி விழித்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

டிசம்பர் மாதம் ஒரு சாயங்காலம், தொட்டி மண்ணில் விரலை வைத்த எல்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண் ஈரமாக இருந்தது.

அந்தத் தொட்டியில் நின்றது அவள் கணவர் அருள்பிரகாசம் வளர்த்த தூண்கள்ளி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் உயரத்துக்கு ஐந்து வளர்த்தார். மழைக்கு முன்பே தொட்டிகளைத் தரதரவென்று இழுத்து மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் சேர்த்துவிடுவார். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"தூங்குது எல்சி. வரிவரியா சுருங்கும். ஐயோ பாவம்னு ஊத்திட்டன்னு வெச்சிக்கோ, வேரு அழுகிப் பூடும்" என்பார்.

அந்த வருஷம் ஜூலையில் அவரே சுருங்கிப்போனார். சிறுநீரகம் கெட்டுவிட்டது, தண்ணீர் கூடாது என்றார் டாக்டர். கடைசி மூன்று நாளும் "எல்சி, ஒரு வாய் தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். அவ்வளவுதான் கொடுத்தாள். சவப்பெட்டியை மூடும்போது அந்தப் பஞ்சையும் அவர் கைக்குள் வைத்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அவர் கல்லறைமேல் தெளித்ததுபோக, மந்திரித்த தண்ணீர் பாட்டிலில் பாதி மிஞ்சியது. அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, செடி வேரில்தான் ஊற்ற வேண்டும் என்பது அவள் வீட்டுப் பழக்கம். இந்த முறை அவளே கொட்டகைக்குள் இழுத்து வைத்த ஐந்தில் நெட்டையான கள்ளி, விலா எலும்பு தெரிகிற மாதிரி ஒட்டிப்போய் நின்றது. பார்க்கப் பொறுக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"குடிங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் போய்த் தண்டை அழுத்திப் பார்ப்பாள், அழுகிவிட்டதோ என்று. ஆறு வாரமாகியும் அழுகவில்லை. அந்த டிசம்பர் சாயங்காலம் மண்ணைத் தொட்டால், அதுவும் காயவில்லை.

மாடியில் காயப்போட்ட துணி எடுக்க வந்த கீழ்வீட்டு ரூபினா சிரித்தாள். "இன்னாக்கா, நாடி புடிச்சி பாக்குறியா?"

"மண்ணு ஈரமா கீது ரூபி. நீ ஊத்துனியா?"

"லாரித் தண்ணி புடிக்கவே இடுப்பு ஒடியுது. முள்ளுக்கு ஊத்த நான் இன்னா லூசா?" சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா அக்கா... மத்த நாலும் காஞ்சி கெடக்குது. இது மட்டும் கொழுத்துக்கீதே."

வீட்டுக்குள் வந்தால், காலையில் நிரப்பிய குடம் பாதியாகியிருந்தது. மறுநாள் முழுக் குடமும் காலி. பக்கத்தில் டம்ளர், விளிம்பில் ஈரம்.

கள்ளியை வெட்டி எறிந்துவிடலாமா என்று நினைத்தாள். அவரை இரண்டாம் முறையும் தாகத்தோடு அனுப்புவதா? முடியவில்லை. கொட்டகைக்குப் பூட்டு மட்டும் போட்டாள்.

மூன்றாம் நாள் மழை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் வாடையும் லாரிகளின் டீசல் புகையும் ஜன்னலில் கனத்து நிற்க, மாதா கோயிலில் ஜெபமாலைக்குக் குனிந்திருந்த எல்சியின் காதில் மட்டும் மண்தொட்டி சிமென்ட் தரையில் இழுபடும் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. பாதி ஜெபத்தில் எழுந்து ஓடிவந்தாள்.

கொட்டகைப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். உள்ளே நான்கு கள்ளிகள். ஐந்தாவதன் இடத்தில் ஈர வட்டம்.

படியில் மண். ஒவ்வொரு படியிலும்.

அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

அடுப்பங்கரையில் குடம் கவிழ்ந்து கிடந்தது. காலி.

படுக்கையறை.

அவர் கட்டில் கிடந்த இடம்.

அங்கே நின்றது. பச்சையாக. வரி ஒன்றுகூட இல்லாமல் உப்பி. அவர் உயரம். வாய் இருக்க வேண்டிய இடத்து முள்ளில், நனைந்த பஞ்சு.

அதே பஞ்சு.

பஞ்சுக்குக் கீழே தோல் மெல்லப் பிளந்தது. உதடு பிரிகிற மாதிரி. உள்ளே வறண்டிருந்தது. அத்தனை தண்ணீருக்கும் பிறகு, வறண்டே இருந்தது.

கண்ணுகளா, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டுக் குடம் என்றும் நிறைந்திருக்கட்டும். கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் கொடுக்க உங்கள் கைக்கு வாய்க்கட்டும். உங்கள் வீட்டில் உறங்கிப்போனவர்கள் நிம்மதியாக உறங்கட்டும்.