இருபதாவது தலை

"இருபது தலை இருந்தாத்தான் ஸ்கூலை விட்டு வைப்பாங்களாம். என்கிட்ட பத்தொன்பதுதான்டா இருக்கு!"

"யார்கிட்டயாவது ஒரு பிள்ளையைக் கேளேன்க்கா."

"கேக்க வேண்டியவன்கிட்ட நான் வாயைத் திறந்து கேக்க மாட்டேன்."

"யாருக்கா அந்த மடையன்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரப் பேச்சு. ஸ்டேஷனில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த தம்பி இன்ஸ்பெக்டருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அந்த மடையன் யார் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை!

சைக்கிள் ஃபேக்டரி மூடியதும் ஊரில் பாதி வீடு பூட்டு. திருடர்கள்கூடப் பிழைப்பு தேடி வெளியூர் போய்விட்டார்கள்!

ட்ரிங்...!

"இன்ஸ்பெக்டரா? பக்கத்து டவுன் ஸ்கூல்லேருந்து பேசறேன். எங்க பஸ்ஸைக் காணோம்... உள்ள இருந்த பிள்ளைங்களையும்!"

ரிசீவர் நழுவியது.

அந்த பஸ்ஸில்தான் அவருடைய ஒரே மகள்!

ஜீப் பாய்ந்தது.

பஸ் கிடைக்க நேரமாகவில்லை. அக்காவின் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருந்தது. டிரைவர் சீட்டில் குறட்டை.

இன்ஸ்பெக்டர் வகுப்பறைக்குள் பாய்ந்தார்.

அறை நிறையப் பிள்ளைகள். முதல் பெஞ்சில் மகள்... முழுசாக! போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்க, வாங்க!" கல்வி அதிகாரி பூரித்துப் போயிருந்தார். "ஆளே இல்லைன்னு ஸ்கூலை மூட வந்தேன். இங்க பாருங்க, திருவிழாக் கூட்டம்!"

அக்கா கண்ணால் கெஞ்சினாள். 'பேசாதேடா...'

பேசாமல் இருந்தால் அவர் என்ன போலீஸ்?

"ஏமாந்துட்டீங்க சார்! இந்த ஸ்கூலுக்கு ஒரே டீச்சர், எங்கக்கா. முன் சுவத்துல மூணாங்கிளாஸ் போர்டு, பின் சுவத்துல அஞ்சாங்கிளாஸ் போர்டு. இங்க படிக்கிற பத்தொன்பதும் அதோ, முதுகோட முதுகு ஒட்டி உக்காந்திருக்கு. மத்ததெல்லாம் ஒரே பக்கம் பாத்து உக்காந்திருக்கே... அத்தனையும் பக்கத்து டவுன் ஸ்கூல் சரக்கு!"

துப்பறிந்த பெருமையில் மீசை துடித்தது.

அதிகாரி முகம் சுருங்கியது. பையிலிருந்து வெளியே வந்தது... பூட்டு!

"அப்ப பத்தொன்பதுதான். மூடிடலாம்."

"நல்லா துப்பறிஞ்சடா, தம்பி!" அக்காவின் குரல் உடைந்தது.

அக்கா ஸ்கூலுக்குத் தானே பூட்டு வாங்கிக் கொடுத்தது அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்கு உறைத்தது. ஆனாலும் விறைப்பு குறையவில்லை.

"பிள்ளைங்களைக் கடத்தினது நீயாக்கா?"

"நானா? அதுங்களே வந்துச்சு, உக்காந்துச்சு. ஏன்னு கேக்கறதுக்குள்ள இவர் வந்துட்டார். நான் வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான்!"

டிரைவரை இழுத்து வந்தார்கள்.

"யார்யா வண்டியை இங்க விடச் சொன்னது?"

டிரைவர் மிரண்டு போய்க் கையை நீட்டினான்.

இன்ஸ்பெக்டரை நோக்கி!

"நீங்கதான் சார்! 'அப்பா ஆர்டர், எல்லாரும் அத்தை ஸ்கூலுக்கு'ன்னு பாப்பா சொல்லுச்சு. போலீஸ் ஆர்டரை மீற முடியுமா?"



முதல் பெஞ்ச் எழுந்து நின்றது. ரெட்டைப் பின்னல்.

"பொய் சொன்னியா?"

"ஆமாப்பா."

"ஏன்?"

"தினமும் பஸ்ல வாந்தி வருதுப்பா. ரெண்டு வருஷமா உங்ககிட்ட சொல்லணும்னு வருவேன்... உங்க மீசையைப் பாத்ததும் மறந்துடும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அந்த மடையன் யார் என்று இன்ஸ்பெக்டருக்கு ஒருவழியாகப் பிடிபட்டது!

"இப்ப சொல்லும்மா," என்றார்.

மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"என்னை அத்தை ஸ்கூல்லயே சேத்துடுங்கப்பா... இல்லேன்னா நாளைக்கு உங்க ஜீப்பைக் கடத்திடுவேன்!"