குழலுக்கு வெளியே மூன்று விரல்

கோல் முழுதாக இறங்கவில்லை.

சனிக்கிழமைக் குறிசுடும் போட்டிக்குக் கிளம்பும் முன், எப்போதும்போல ஆர்டித் அந்தப் பழைய துப்பாக்கியை நிமிர்த்தி, வெடிமருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாள். குழல் காலியாக இருந்தால் கோலில் கத்தியால் கீறிய கோடு குழல்வாயோடு சரியாக வந்து நிற்கும். இன்று அது மூன்று விரல் மேலே நின்றது. உள்ளே மருந்தும் குண்டும் இருந்தன. போன வாரம் அவளேதான் கொதிநீர் ஊற்றிக் கரி போகக் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்து, காலியாகக் கணப்புக்கு மேலே மாட்டியிருந்தாள்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவளும், ஆகஸ்டில் அவளைக் கட்டிக்கொண்ட ராய்ஸும்.

துப்பாக்கி முதல் கணவன் க்ளெல்லுடையது. சிக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி எழுப்பும் பழைய மாதிரி. அவன் இறந்து இரண்டு வருஷமாகியும் அவனிடமிருந்து தொற்றிய ஒரு கெட்ட பழக்கம் அவளை விடவில்லை. துப்பாக்கியை இறக்கியதும் குழல்வாயில் தன் வாயை வைத்து ஊதுவாள், பக்கத்துத் துளையில் காற்று வந்தால் அடைப்பில்லை என்று அர்த்தம். உள்ளே குண்டிருந்தால் தலை போய்விடும் என்று குறிசுடுவோர் சங்கத்தில் எல்லோரும் அதற்காக அவளைத் திட்டியிருக்கிறார்கள். ராய்ஸும் பார்த்திருக்கிறான்.

கொல்லைப்பக்க மண்மேட்டில் சுட்டுக் குழலைக் காலி செய்தாள். அழுகிய முட்டை வாடையோடு வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. ஜன்னலில் காபிக் கோப்பையோடு ராய்ஸ் நின்றிருந்தான்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா? மான் எல்லாம் டென்னஸிக்கே ஓடிரும் போ!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டியில் ஒரு குண்டுகூடப் பலகையில் படவில்லை. குறி எண்ணும் மேவிஸ் பக்கத்தில் வந்து இடித்தாள்.

"புதுப் புருஷன் வந்ததும் கண்ணு அவிஞ்சு போச்சாடி? க்ளெல் இருந்திருந்தா மானம் போயிருக்கும். மேட்டுல வண்டிச் சத்தம் கேட்டா, மொதல்ல மருந்தக் கெட்டிச்சுட்டுத்தானே வர்றது யாருன்னே கேப்பான்!"

அன்றிலிருந்து ஆர்டித் ராய்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கை, நகத்தடியில் எப்போதும் கறுப்பு. அது கிரீஸா, மருந்தா? துவைக்கப் போட்ட சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். டீசலும் புகையிலையும்தான் மணத்தன. புத்திசாலி, கழுவியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டிக்குப் பின் கழுவி மாட்டியிருந்தும், புதன்கிழமை கோடு மறுபடி மூன்று விரல் மேலே நின்றது. மறுபடி மண்மேட்டில் சுட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் கேட்டேவிட்டாள்.

"நான் தூங்கும்போது அந்தத் துப்பாக்கியத் தொட்டியா?"

"அந்த இரும்பையா? நான் எதுக்குத் தொடப்போறேன்?"

"பொய் சொல்லாத ராய்ஸ். மருந்து தானா போய் உள்ள உக்காருமா?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அவன் நாற்காலில உக்காராதன்ன. அவன் ஆணியில தொப்பி மாட்டாதன்ன. சரின்னேன். இப்போ கொலைகாரப் பட்டமும் குடுத்தாச்சு, இல்ல?"

மேலங்கியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். ஆர்டித் எல்லாக் கதவுகளையும் பூட்டினாள். கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கும் துப்பாக்கிக் குதிரையின் வாயிலிருந்து அதைக் கழற்றித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். குதிரையைப் பின்னால் இழுத்தால் முதல் டக் பாதி, இரண்டாவது டக் சுடத் தயார்; எப்படி இழுத்தாலும் கல் இல்லாமல் பொறி வராது.

மறுநாள் அந்தி மயங்கும் நேரம் தகரக் கூரையில் மழை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அடுப்பில் பீன்ஸும் பன்றிக் கொழுப்பும் கொதிக்கும் வாசனைக்கு அடியில் ஈர மண் வாடை ஒன்று மெல்லிசாக வந்துகொண்டிருக்க, அவள் கோலை உள்ளே விட்டாள். மூன்று விரல்.

முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். அந்த மனுஷன்மேல் வீண்பழி போட்டுவிட்டோமே என்று போனை எடுத்தாள்.

"வீட்டுக்கு வா ராய்ஸ். தப்பு என்மேலதான்."

"பீன்ஸ் இருக்கா?"

"சோள ரொட்டியும் இருக்கு."

"அப்போ வரேன்."

கல்லை மாட்டிச் சுட அவளுக்குக் கை வரவில்லை. கோல் நுனியில் திருகாணியைப் பொருத்தி, குண்டில் முறுக்கி, பல்லைக் கடித்து இழுத்தாள். ஈயக்குண்டு அதைச் சுற்றிய துணியோடு வந்தது. அவள் வைத்துக் கெட்டிப்பது எப்போதும் கோடுபோட்ட மெத்தைத் துணி. இது வெள்ளை. ஓரத்தில் நீலநூலில் குட்டிக் குட்டி இலைகள்.

அந்தத் தையல் அவளுடையது. சவப்பெட்டியில் க்ளெல்லுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்ட சட்டையிலிருந்து கிழித்தது.

துணியில் செம்மண் ஒட்டியிருந்தது.

மருந்தைத் தொட்டியில் தட்டிக் கொட்டினாள். திருகாணியைக் கழற்றிவிட்டுக் கோலை உள்ளே விட்டாள். கோடு குழல்வாயில் நின்றது. காலி. கோலை எடுக்காமலே துப்பாக்கியை மேஜைமேல் படுக்கவைத்து, கையைத் துடைத்தாள்.

மேட்டில் வண்டிச் சத்தம்.

கோல் நகர்ந்தது.

படுத்துக் கிடந்த குழலுக்குள்ளிருந்து தானாக, மெதுவாக. ஒரு விரல். இரண்டு. மூன்று.

அப்போதுதான் பார்த்தாள். குழல்வாய் வாசற்கதவைப் பார்த்திருந்தது.

வண்டி நின்றது. குதிரை பாதி பின்னால் போனது. டக்.

ஏப்ரன் பையில் கைவிட்டாள். கல் இல்லை. அது குதிரையின் வாயில் இருந்தது.

இரண்டு கையாலும் குழலைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் தள்ளினாள். அசையவில்லை. துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிடித்தாள். கன்னம் வைத்துக் குறிபார்க்கும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

படியில் பூட்ஸ் சத்தம்.

"தங்கம், கதவத் திற. நனைஞ்சுட்டேன்."

வராதே. வராதே, ராய்ஸ். தகரக் கூரை மழையில் அவள் குரல் வெளியே கேட்கவில்லை.

"சரி விடு, எங்கிட்ட சாவி இருக்கு."

சாவி திரும்பியது.

இரண்டாவது டக்.