மாற்று அஞ்சுநர்

காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பிலோமினாவைக் கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டுவார்கள். அம்மோனியாத் தொட்டிகளுக்கு நேர் மேலே இருந்தது கூண்டு. அவள் மணிக்கட்டில் துடிப்புமானியைக் கட்டிவிட்டு, "நல்லா பயப்படுங்கக்கா" என்று சிரித்தபடி இறங்கிப் போவான் ஃபிட்டர். அதில் கேலி இல்லை. பயம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் யாருக்குமே தெரியாது. பிறந்த வாரத்திலேயே எல்லோருக்கும் அச்சநீக்கி ஊசி போட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் மனநோய்களிலேயே அதிகம் பேரைப் பிடித்தது பதற்றநோய்தான், தெருவில் சில வீடுகளிலாவது அது இருந்தது என்று பாடப்புத்தகத்தில் வரும். பிள்ளைகள் அதைப் பெரியம்மை மாதிரி படித்துவிட்டு மறந்துபோவார்கள். ஊசி வந்தபின் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதே நிம்மதியோடு கசியும் வால்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், செத்தார்கள். எனவே சட்டம் வந்தது. ஆபத்தான ஆலை ஒவ்வொன்றிலும் ஊசி பலிக்காத ஒருவர், ஓர் அஞ்சுநர், இருந்தாக வேண்டும். அவருக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

பிலோமினாவுக்குத் திடீரென்று மார்பு இறுகும். விரல்கள் மரத்துப்போகும். இதோ செத்தோம் என்று தோன்றும். மானி அலறும், ஆலை நிற்கும். பெரும்பாலும் கீழே ஒன்றும் இருக்காது. எப்போதாவது உண்மையிலேயே கசிந்திருக்கும். அன்று அவள் கழுத்தில் மாலை போடுவார்கள்.

ஒருநாள் கூண்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது ஆலை டாக்டர் வசீகரன் எதிரில் இருந்தார்.

"என்னால முடியல டாக்டர். இதக் குணமாக்க வழியே இல்லையா?"

"இருக்கு. சில மாசம் பேச்சு, பயிற்சி, கொஞ்சம் மாத்திரை. அப்புறம் ஊசி போட்டா பலிச்சிரும். ஆனா கூண்டு காலியா இருக்கக் கூடாதும்மா. உங்க இடத்துக்கு இன்னொருத்தர் வேணும்."

"வருசா வருசம் ஊர்ல எல்லாருக்கும் பயம் இருக்கான்னு மெஷின் வச்சிப் பாக்குதீங்கள்ல?"

"பாக்கறோம். யாரும் மாட்டல."

பிலோமினாவுக்கு ஒருத்தியைத் தெரியும். தங்கை ஸ்டெல்லா. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டாள். நாலு பேர் பார்த்தால் குரல் நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். ஊர் அதைத் திமிர் என்றது. பிலோமினாவுக்கு மூச்சுத் திணறும்போதெல்லாம் ஓடி வந்து முதுகைத் தடவி, "இந்தா போயிரும்க்கா, என்கூட மூச்சு விடு" என்பவள் அவள் ஒருத்திதான்.

"மெஷின் முன்னால தனியாத்தான உக்கார வைக்கீங்க?" என்றாள் பிலோமினா. "தனியா இருந்தா அவளுக்கு ஒண்ணும் வராது. நாலு பேர் பாக்கணும்."

"யாருக்கு?" என்றார் டாக்டர்.

பிலோமினா பெயரைச் சொன்னாள். சொன்னதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டெல்லாவுக்கு வந்தது மனிதர்களைக் கண்ட பயம். அதற்குக் கசிவைக் கண்டுபிடிக்கத் தெரியாது. சட்டம் வகை எதையும் சொல்லவில்லை. அஞ்சுநர் ஒருவர் போதும். மானியின் அலறலை அணைத்துவிட்டு, முள் மட்டும் இறங்கிவிடாமலிருக்க, ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிலர் கூண்டைச் சுற்றி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. ஆட்கள் டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்கள்.

பிலோமினா குணமானாள். ஊசி பலித்தது. படுத்ததும் தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா அக்காள் வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நகத்தைச் சதை தெரியக் கடித்திருந்தாள். தட்டில் வைத்த ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"யக்கா, எனக்கு இருக்கது உன்னத் தவிர யாருக்கும் தெரியாது. நீயா சொன்ன?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை நம்பிவிடுவாள். அதற்காகத்தான் வந்திருந்தாள். ஆனால் பொய் சொல்வதற்குக் கொஞ்சமாவது பயம் வேண்டும்.

"ஆமாட்டி, நாந்தான் சொன்னேன்" என்றாள் பிலோமினா. "அது ஆறிப்போச்சு பாரு. வேற சூடா ஒண்ணு வைக்கட்டா?"