ராயபுரத்து உப்புக் கிடங்கு

ஐரீன் படிப்பதை நிறுத்திய பிறகும் பாட்டின் கடைசி அசை நிற்கவில்லை.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தாள். கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் மோதிக்கொள்வதும், மாதா கோயில் மணியும், கருவாட்டு வாடையோடு ஏறி வரும் மீன்காரிகளின் சண்டையும் ஓயாத மாடி அறை அது. ஆனால் மறுநாள் சாயங்காலமும் அவள் வாயை மூடிய பிறகு, மேசைக்கு எதிர்ச் சுவரிலிருந்து அவளுடைய குரலே ஓர் அசை பிந்தி வந்து முடிந்தது.

மொரீஷியஸிலிருந்து கப்பலேறி வந்தவள் அவள். கரும்புத் தோட்டத்துக்குப் போன பாட்டன் காலத்தோடு வீட்டில் தமிழ் தேய்ந்துவிட்டது. சங்கப் பாட்டை மூலத்திலேயே படிப்பேன் என்று அடம்பிடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் சென்னைக் கல்லூரியில் சேர்ந்தாள். பஸ்ஸில் இடிபட்டுத் திரும்பியதும் அன்றைய பாட்டை உரக்கப் படித்து மனப்பாடம் செய்வாள். காய்காரியிடம் "கத்தரிக்காய் யாது விலை?" என்று கேட்டதற்குத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று மறுநாளும் அப்படியே கேட்டாள்.

சுவரைப் பற்றிக் கேட்டபோது, வீட்டுக்கார வியாகுலம்மாள் மீன் அரிவதை நிறுத்தினாள்.

"அந்தாண்ட உப்பு கெடங்கு. பூட்டிக் கெடக்குது. சத்தமா படிக்காத பாப்பா, மன்சுக்குள்ளயே படிச்சிக்கோ."

"ஏன் அம்மா?"

"எம்புள்ள கஸ்பாரும் அந்த ரூம்லதான் லத்தீன் படிச்சான், சாமியாருக்குப் போறதுக்கு. இப்ப ஹார்பர்ல மூட்ட தூக்குறான். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசி ஆறு வருசம் ஆவுது."

ஐரீனுக்குக் கோபம் மூண்டது.

"படிக்கத்தான் கடல் கடந்து வந்தேன். வாய் பொத்திக்கொண்டு இருக்க அல்ல."

"அப்பால என்னியச் சொல்லக் கூடாது, ஆமா."

மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், அவள் வழக்கத்தைவிட உரக்கப் படித்தாள். சுவரும் படித்தது. இப்போது பிந்தவில்லை, கூடவே வந்தது. காரை ஈரத்தில் பூத்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்த நெடி நாக்கில் கரித்தது. அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல், இளம் ஆணின் குரல், லத்தீனில் ஜெபம் முணுமுணுத்தது. பக்கத்தைத் திருப்பக் கை வைத்தாள். திருப்புவதற்குள் அடுத்த வரி சுவரிலிருந்து வந்தது.

விடவில்லை அவள். எழுந்து நின்று கத்திப் படித்தாள். தொண்டை கிழிந்தது. இன்னும் உரக்க. இன்னும்.

சட்டென்று ஒன்றுமில்லை. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

சுவர் படித்துக்கொண்டே இருந்தது. அவள் குரலில். பிழையில்லாமல்.

அவள் அழவில்லை. படியிறங்கி ஓடினாள். கொல்லையில் கிடந்த அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு மழையில் கிடங்கு வாசலுக்குப் போனாள். வேலையிலிருந்து வந்த கஸ்பார் குறுக்கே நின்று, வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டுப் பூட்டை அடித்தாள். மறுபடி அடித்தாள். பார்த்துக்கொண்டே நின்ற கஸ்பார் குழவியை அவளிடமிருந்து வாங்கி, ஆறு வருடத்து ஆத்திரத்தையும் சேர்த்து ஓங்கி ஒரே அடி போட்டான். பூட்டு தெறித்தது.

"வேணாம்டா, கஸ்பாரு! வேணாம் பாப்பா!" என்று அலறிக்கொண்டே வியாகுலம்மாள் அரிக்கேன் விளக்கோடு ஓடிவந்தாள்.

விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஐரீன் உள்ளே நுழைந்தாள்.

இருட்டு. மாடி உயரத்துக்கு ஈர உப்புக் குவியல்; அதன் மேல் ஏறினாள். அவளுடைய அறைச் சுவரின் மறுபக்கம்.

காரையில் வாய்கள். ஆள் உயரத்துக்கு, வரிசையில்லாமல். சில வெடித்து, காய்ந்து, மூடிக் கிடந்தன. ஒன்று லத்தீன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும், பின்னால் ஏறி வந்த கஸ்பார் மண்டியிட்டு விழுந்தான்.

பக்கத்தில் சின்னதாய் ஒன்று. புதியது. ஈரம் காயாத சுண்ணாம்பு உதடு. அவளுடைய பாட்டைப் படித்துக்கொண்டிருந்தது.

விளக்கைக் கீழே வைத்தாள். நெருங்கினாள். அது என் குரல் என்று அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

அந்த வாயின் மேல் தன் வாயை வைத்து, பலம் கொண்ட மட்டும் உறிஞ்சினாள்.

பாட்டு நின்றது. சுவருக்குள்ளிருந்து யாரோ அவளைவிட நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.