அமுங்கிய பொத்தான்

மழை மூட்டத்தில் மதியமே இருண்டு கிடந்தது அந்த அறை. லேப்டாப் மெக்கானிக் உள்ளே வந்ததும் தங்கை மேசையைக் காட்டினாள். இறந்துபோன அண்ணனின் லேப்டாப். அதில்தான் அவள் ஆய்வறிக்கை எழுதியிருந்தாள். வேறு பிரதி கிடையாது. நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

"பயப்படாதம்மா. சரக்கெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும். லேப்டாப்ப எழுப்பி விடுற சிஸ்டம்தான் படுத்துடுச்சு. பென்டிரைவ் வச்சு எழுப்பினா, உள்ள இருக்கிறத அப்படியே அள்ளிடலாம்."

பென்டிரைவைச் செருகி, பவரைப் போட்டார்.

பீ... என்று நிற்காத ஓசை.

"கண்ணு முழிச்சதும் இது கை கால் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கும். ஏதாவது ஒரு பொத்தான் அமுங்கியே இருந்தா, அங்கயே நின்னு இப்படிக் கத்தும்," என்று உற்சாகமாக விளக்கினார்.

பொத்தான்களைத் தட்டினார். ஊதினார். துடைத்தார். மறுபடியும் அதே ஓசை.

"உயிரை வாங்குதே," என்று பல்லைக் கடித்தார்.

கீபோர்டையே கழற்றி, அதன் பட்டை வயரைப் பிடுங்கி, மேசை ஓரத்தில் வைத்தார். இனிக் கத்த வழியே இல்லை.

கத்தியது.

எங்கிருந்தோ, அண்ணன் எப்போதும் தடவும் தலைவலித் தைலத்தின் வாடை வந்தது.

தங்கை கழற்றி வைத்த கீபோர்டையே பார்த்தாள். அதில் எஸ்கேப் பொத்தான் மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது.

யாரோ விரல் வைத்திருப்பதுபோல.

"அண்ணா," என்று கிசுகிசுத்தாள். "கையை எடு. நாளைக்குக் கொடுக்கணும்."

பொத்தான் எழவில்லை.

எரிச்சலில் மெக்கானிக் பென்டிரைவை உருவினார். ஓசை நின்றது. கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்புப் புள்ளி. ஆபீஸ் மெஷின்களுக்காக அவரே செய்து வைத்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புது சிஸ்டம் போடும்.

"மாத்தி வச்சுட்டேன்மா. எழுந்திருந்தா எல்லாம் போயிருக்கும்."

புள்ளி இல்லாததைச் செருகினார். லேப்டாப் சத்தமில்லாமல் எழுந்தது. மவுஸை வைத்தே ஆய்வறிக்கையை வெளியே எடுத்தார். தங்கை அழுதேவிட்டாள். எஸ்கேப் பொத்தான் மேலே வந்திருந்தது.

லேப்டாப்பை அணைத்துவிட்டு, மெக்கானிக் மெல்லக் கேட்டார். "அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடவா?"

"போட்டுடுங்க சார். அதுல இனி எனக்கு ஒண்ணும் வேணாம்."

சிவப்புப் புள்ளி பென்டிரைவைக் கையில் எடுத்தார். இன்னும் செருகவில்லை. பவரைத் தொடவில்லை.

பீ...

தைல வாடை அறையை நிறைத்தது.

வயரில்லாத கீபோர்டில் எஸ்கேப் அமுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

விரித்த ஒரு கையின் அளவுக்கு.