ஆல்ரெடி போயிட்டு வந்துட்டேன்

காலை வகுப்பில் ரஞ்சிதம் வழக்கம்போல அந்த ஒற்றைச் சொல்லைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி நான்காம் வார்டு சொல்லொழுக்க மையத்தில் அவள் பயிற்சியாளர். எதிரே முப்பது பேர். எல்லோரும் வாய்விட்டு மாட்டிக்கொண்டவர்கள்.

“உங்க மேல என்ன பதிவு?” என்று முன்வரிசைப் பெரியவரிடம் கேட்டாள்.

“சம்பந்தி வீட்ல சாப்பிடச் சொன்னாங்க டீச்சர். அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு, ‘ஆல்ரெடி சாப்பிட்டாச்சு’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அன்னைக்கு எந்தக் கேண்டீன்லயும் எனக்குச் சோறு போடல.”

வகுப்பு சிரித்தது. படிவம், கையெழுத்து, ரசீது எல்லாம் ஒழிந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொருவர் காதுமடலிலும் பேச்சைக் கேட்டுப் பதிகிற செவியம் என்ற கருவி ஒட்டியிருக்கிறது. வாயால் சொல்வதுதான் பதிவு. முடிந்த காரியத்தை நாம் ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சொல்கிறவர்கள். எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி விழுந்த சொல் ஆல்ரெடி ஒன்றுதான். அதையே அரசாங்கம் முத்திரையாக்கிவிட்டது. ஆல்ரெடி என்று சொன்னால் நடந்தது நடந்ததுதான், மறுபேச்சு கிடையாது. தாலுகா ஆபீசில் கால்கடுக்க நின்ற ஜனங்கள் இதைக் கைதட்டி வரவேற்றார்கள். போன இடத்தில் பசியை மறைத்துப் பேசுகிற ஜனம் நாம் என்பதை மட்டும் எந்தப் புத்திசாலியும் யோசிக்கவில்லை.

மதிய இடைவேளையில் ரஞ்சிதம் வீட்டுக்குப் பேசினாள். அவள் கணவர் லூர்துசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அன்று அவர் முறை. காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதையே கேட்டாள்.

“என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா இல்லையா?”

“ஆல்ரெடி போயிட்டு வந்துட்டேன். நீ நிம்மதியா வகுப்பப் பாரு.”

அவள் நிம்மதியாக வகுப்பைப் பார்த்தாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது லூர்துசாமி முகமெல்லாம் வீங்கி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“காலைல ஒரே வாந்தி. சொன்னா வேலைய விட்டுட்டு ஓடி வருவியேன்னு அப்படிச் சொன்னேன். மூணு மணிக்குப் போனேன். கதவே திறக்கல. ஆல்ரெடி முடிஞ்சிருச்சாம். நாலு நாள் கழிச்சு வரச் சொல்லுது.”

“உங்களுக்குத் தெரியாதா? அந்த வார்த்தையத்தான ஊருக்கெல்லாம் நடத்துறேன்?”

“வாய்ல வந்துட்டு. பொண்டாட்டிகிட்ட பேசும்போது யாரு யோசிச்சுப் பேசுவா?”

அவள் அவசர உதவியை அழைத்தாள். செவியம் கனிவாகவே பதில் சொன்னது: “இன்று ரத்தச் சுத்திகரிப்பு முடிந்தவருக்கு இந்த அறிகுறிகள் இயல்பானவை. ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.” நான்கு முறை அழைத்தாள். நான்கு முறையும் அதே கனிவு.

ஒரே ஒரு வழி இருந்தது. சொல்நீக்கம். கணவனின் சொல் செல்லாது என்று மனைவி அறிவிக்கலாம். மனைவியுடையதைக் கணவன் அறிவிக்கலாம். ஆனால் பிசகிய ஒரு சொல்லை மட்டும் நீக்க முடியாது. அந்த ஆளின் எல்லாச் சொல்லும், ஆயுளுக்கும் போய்விடும். அதை அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

லூர்துசாமிக்குப் புரிந்துவிட்டது. “அத மட்டும் செய்யாத ரஞ்சிதம். நாலு நாளு தாங்கிருவேன்.”

“மூச்சு விட முடியல உங்களால. நாலு நாளாம்.”

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “என் கணவர் லூர்துசாமியின் சொல் செல்லாது.”

ஆறே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. “எங்க வலிக்குது?” என்று கேட்டான் பணியாளன். “நெஞ்சுல” என்றார் லூர்துசாமி. அவன் ரஞ்சிதத்தைப் பார்த்தான். “நெஞ்சுல” என்று அவள் சொன்ன பிறகுதான் தலையாட்டினான்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு பஸ் அவர் சொன்ன இடத்தில் நிற்கவில்லை, கடை அவர் கேட்டதைத் தரவில்லை. கருவிகளைப் பார்த்து மனிதர்களும் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவரை எதிரே வைத்துக்கொண்டே, “அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று அவளிடம் கேட்டார். ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு என்று மாதா கோயிலுக்குப் போனவர் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். “வீட்டுக்காரம்மா வரலையா?” என்று ஃபாதர் கேட்டாராம். செய்த பாவத்தைக்கூட அவள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து வீட்டிலும் அவர் பேச்சு குறைந்தது. முதலில் ரஞ்சிதத்துக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா என்று பாத்திரங்களிடம் காட்டினாள். பிறகு பயம் வந்தது. அவரைப் பேசவைக்க எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தாள். அவர் தட்டில் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“புளிப்பு சரியா இருக்கா?”

லூர்துசாமி ஒரு வாய் மென்று விழுங்கினார். பிறகு, அதையும் அவளே சொல்லட்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.