கேறியாச்சு

ஆடி மழையில் நனைந்துகொண்டே கிளீட்டஸ் மணல் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் ஞானதாசனின் மனைவி நேசபாய் நின்றிருந்தாள். ஞானதாசன் ஆலை பாய்லருக்குள் செத்து இன்றோடு ஓராண்டு.

"அண்ணே, சொல்லாம கொள்ளாம உள்ள போற ஆளில்ல அவரு. குடிச்சிட்டுப் போயிருப்பாம்னு கோயில்ல பேசுதாவ. நீங்க அங்கதானே நின்னிய, ஏதாவது சத்தம் கேட்டியளா?"

"இல்ல மக்கா," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

பொய். கேட்டது.

பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். போகிறவன் பாய்லரின் நிலையைச் சிலேட்டில் எழுதிவைப்பான். வருகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் தீயைத் தொட வேண்டும். ஞானதாசன் செத்த அன்று, பாய்லருக்குள் படிந்த உப்புப் பொருக்கை ஆள் நுழைந்து சுரண்டும் நாள். காலை ஷிப்ட் பார்த்த ஆபேல், மலைப் பக்கத்து அருமனைக்காரன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஆள் வரும்வரை நிற்காமல், 'பொருக்குச் சுரண்டல். ஞானதாசன் கேறியாச்சு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கேறுவது என்றால் உள்ளே ஏறுவது. கிளீட்டஸோ கடற்கரையில் பிறந்தவன். வள்ளம் கேறியாச்சா, அப்பன் கேறியாச்சா என்று கேட்டே வளர்ந்தவனுக்குக் கேறுவது என்றால் கரைக்கு வருவது. ஞானதாசன் வெளியே வந்துவிட்டான் என்ற நிம்மதியில் மூடியை முறுக்கி, தண்ணீர் விட்டு, தீ மூட்டினான்.

அப்போது உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. இரும்பு சூடேறும் சத்தம் என்று இருந்துவிட்டான். பாவி, ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

பிறகு ஆலை அதிகாரிகள் சிலேட்டைத் துடைத்துவிட்டார்கள். 'வெளியே வந்த ஆள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி உள்ளே போனான்' என்று ரிஜிஸ்தரில் எழுதினார்கள். வேலை போய்விடுமே என்று பயந்து கிளீட்டஸும் அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

இன்றும் சுரண்டும் நாள். 'உள்ளே ஆள் இல்லை' என்றது சிலேட். அவன் விளக்கை நீட்டிப் பார்த்தான், குரல் கொடுத்தும் பார்த்தான். யாரும் இல்லை. மூடியை முறுக்கினான்.

டக். டக். டக்.

மூடியைத் திறந்தான். உள்ளே காலி. ஆனால் தீயே மூட்டாத இரும்பு சுட்டது. வெந்த துணியின் வாடை வந்தது.

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ரிஜிஸ்தரை எடுத்து எழுதினான்: 'ஞானதாசன் வெளியே வரவே இல்லை. சிலேட்டை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். தட்டும் சத்தம் கேட்டும் திறக்கவில்லை.' கையெழுத்திட்டு, வாசலுக்கு ஓடி நேசபாய்க்கு வாசித்துக் காட்டினான்.

அவள் ரிஜிஸ்தரை வாங்கி அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டாள்.

"எத்தன தட்டுண்ணே?"

"மூணு."

"எங்க வீட்டுக் கதவயும் அவரு மூணு தட்டுதான் தட்டுவாரு. உடனே தொறந்துருவேன்."

அழுதுகொண்டே திரும்பி வந்தான். சிலேட்டில் இருந்த எழுத்து அழிந்திருந்தது. அங்கே ஈர விரலால் எழுதியதுபோல ஒரே சொல்.

கேறியாச்சு.

கரை சேர்ந்துவிட்டான், பாவம்! கிளீட்டஸ் கைகூப்பினான்.

பிறகுதான் உறைத்தது. ஞானதாசனும் அருமனைக்காரன்தான். அவனுக்கும் கேறுவது என்றால் உள்ளே ஏறுவது.

திறந்துவிட்டுப் போன மூடி இறுக முறுக்கிக் கிடந்தது. உள்ளிருந்து, மெல்ல, மூன்று தட்டு கேட்டது.